செயற்கை இடுப்பு மூட்டின் தண்டு உடைந்துவிட்டது. அப்பா அதிகம் நடந்ததுதான் காரணமா?

நீலவானம் | வெள்ளி, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 69. பதினோரு வருடங்களுக்கு முன் வலது இடுப்பில் மூட்டு மாற்று அறுவை நடந்தது. தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று, எலும்பு உள்ளுக்குள் நொறுங்கத் தொடங்கியிருந்தது. அறுவைக்குப் பிறகு பத்து வருடம் நன்றாகவே இருந்தார். காலையும் மாலையும் நடப்பார். மாடி ஏறி இறங்குவார்.

போன செவ்வாய்க்கிழமை நாற்காலியிலிருந்து எழுந்தார். வழுக்கவில்லை, எதிலும் இடித்துக்கொள்ளவில்லை. எழுந்து ஒரு அடி எடுத்து வைத்ததும் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். பக்கத்து அறையில் இருந்த எனக்கே கேட்டது. அப்படியே நாற்காலியில் சரிந்துவிட்டார்.

எக்ஸ்ரேயில் பார்த்தால், தொடை எலும்புக்குள் இருக்கிற உலோகத் தண்டு நடுவில் இரண்டாக உடைந்திருக்கிறது. எலும்பு உடையவில்லை. சுற்றியிருக்கிற எலும்பு முழுதாக நிற்க, உள்ளே இருக்கிற உலோகம் மட்டும் எப்படி உடையும்?

அன்று பணியில் இருந்த மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு, "நிறைய நடந்திருக்கிறார், எடையும் கூடியிருக்கிறது, அதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பேச்சு அப்பாவின் மனதில் அப்படியே தங்கிவிட்டது. மூன்று நாளாகச் சரியாகப் பேசுவதில்லை. "நடக்கச் சொன்னதே அவங்கதானே, நடந்தது தப்பாம்மா?" என்று நேற்று இரவு கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் நினைவுக்கு வருகிறது. ஒரு வருடமாகவே உட்கார்ந்து எழுந்தால் முதல் நாலைந்து அடிக்குத் தொடையில் வலிக்கிறது என்பார். அப்புறம் சரியாகிவிடும் என்பார். வயசாகிவிட்டது என்று நாங்களும் விட்டுவிட்டோம். இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிளவுமுகம் | வெள்ளி, இரவு 10:50

நீலவானம், அப்பாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: அந்தத் தண்டு நடப்பதற்காகவே செய்யப்பட்டது. நடந்தார் என்பதைக் குற்றமாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

நான் மருத்துவர் இல்லை. உடைந்த இயந்திர பாகங்களைப் பார்த்து ஏன் உடைந்தது என்று கண்டுபிடிப்பது என் தொழில். அச்சு, போல்ட், பற்சக்கரம் என்று இருபது வருடமாகப் பார்க்கிறேன். இடுப்பு மூட்டுத் தண்டுகளும் சில என் மேசைக்கு வந்திருக்கின்றன.

ஒரே அடியில் இந்தத் தண்டு உடைவது அபூர்வம். கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்போம் இல்லையா, அதையே மிக மெதுவாக, கண்ணுக்குத் தெரியாத அளவு வளைவில், லட்சக்கணக்கான முறை செய்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கே நடப்பது. இதை உலோகச் சோர்வு என்போம். மேற்பரப்பில் ஒரு புள்ளியில் மயிரிழை போல விரிசல் தொடங்கும். ஒவ்வொரு அடிக்கும் அது துளித்துளியாக உள்ளே நகரும். மிச்சமிருக்கும் உலோகத்தால் தாங்க முடியாத அளவுக்கு வந்ததும் 'டக்' என்று முடிந்துவிடும். நீங்கள் செவ்வாய்க்கிழமை கேட்டது அந்தக் கடைசி நொடியை. விரிசல் அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கியிருக்கும்.

எவ்வளவு சுமை என்று தெரிந்தால் அப்பாவுக்கும் புரியும். பெர்லினில் பெர்க்மன் என்பவரின் குழு, அளவுக்கருவி பொருத்திய செயற்கை மூட்டுகளை நோயாளிகளுக்கு வைத்து நேரடியாகவே அளந்தது. சாதாரண நடையிலேயே மூட்டின் மேல் உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு விசை விழுகிறது. தடுமாறி விழப்போய்ச் சமாளிக்கும் நொடியில் எட்டு மடங்கைத் தாண்டியதும் பதிவாகியிருக்கிறது. ஒரு காலுக்கு வருடத்துக்கு ஏறத்தாழ 10 லட்சம் அடி. பதினோரு வருடத்தில் ஒரு கோடிக்கு மேல்.

இவ்வளவையும் யோசித்துத்தான் சோதிக்கிறார்கள். ஐ.எஸ்.ஓ. 7206 என்ற தரநிலையில் தண்டுக்கு ஒரு சோதனை உண்டு. தண்டின் கீழ்ப்பகுதியை மட்டும் சிமென்டில் புதைத்து, மேல்பகுதிக்கு எந்தப் பிடிமானமும் இல்லாமல் விட்டு, 2300 நியூட்டன் சுமையை 50 லட்சம் முறை கொடுப்பார்கள். பந்தைத் தாங்கும் கழுத்துப் பகுதிக்குத் தனிச் சோதனை, 5340 நியூட்டன், ஒரு கோடி முறை.

மேல்பகுதியை ஏன் பிடிமானம் இல்லாமல் விடுகிறார்கள்? நிஜத்தில் தண்டு உடைவது பெரும்பாலும் அப்படித்தான் என்பதால். மேலே எலும்பின் பிடி தளர்ந்து, கீழே மட்டும் இறுகியிருந்தால், ஒவ்வொரு அடிக்கும் தண்டு கீழ்ப்பிடியை மையமாக வைத்து வளையும். கீழே இறுகப் புதைந்த கம்பத்தை மேலே பிடித்து ஆட்டுவதுபோல. அப்போது இழுவிசை தண்டின் வெளிப்பக்கத்தில், சற்று முன்புறமாக மிக அதிகமாக இருக்கும். விரிசல் வழக்கமாக அங்கேதான் தொடங்கும்.

அதனால் என் சந்தேகம் இது. தண்டு உடைந்தது இரண்டாவது சம்பவம். முதல் சம்பவம், மேலே பிடி விட்டது. எழுந்ததும் முதல் சில அடிக்கு வலி என்றீர்களே, தளர்ந்த தண்டின் அடையாளமாக மருத்துவர்கள் சொல்வதும் அதைத்தான். பழைய எக்ஸ்ரேக்கள் இருக்கிறதா? அப்பாவுடையது எலும்போடு சிமென்ட் வைத்து ஒட்டிய தண்டா, வைக்காததா?

கட்டுத்துணி | சனி, காலை 6:30

நான் அறுவை அரங்கில் செவிலியர். இரவுப் பணி முடித்து வந்து படிக்கிறேன். நீலவானம் அக்கா, இரண்டு வேலை உடனே செய்யுங்கள்.

முதலாவது, பதினோரு வருடத்துக்கு முந்தைய டிஸ்சார்ஜ் கோப்பைத் தேடி எடுங்கள். அதில் ஒரு தாளில் சின்னச் சின்ன ஸ்டிக்கர் நாலைந்து ஒட்டியிருக்கும். பார்கோடு, அளவு, லாட் எண் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டுவது) எல்லாம் அதில் இருக்கும். தண்டுக்கு ஒன்று, தண்டின் முனையில் மாட்டும் பந்துக்கு ஒன்று, இடுப்பெலும்பில் பதிக்கும் கிண்ணத்துக்கு ஒன்று, பந்து சுழல அந்தக் கிண்ணத்துக்கு உள்ளே வைக்கும் லைனருக்கு ஒன்று. எந்தப் பொருள், எந்த லாட்டில் வந்தது என்று அந்த ஸ்டிக்கர் இல்லாமல் உறுதியாகச் சொல்வது கஷ்டம். மறு அறுவையில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு தண்டை மட்டும் மாற்றுவதாக இருந்தாலும், பொருந்துகிற பந்தும் லைனரும் வரவழைக்க அந்த எண் வேண்டும். கோப்பு வீட்டில் இல்லாவிட்டால் அந்த மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள்.

இரண்டாவது, வெளியே எடுக்கும் உடைந்த துண்டுகள் வேண்டும் என்று அறுவைக்கு முன்பே எழுதிக் கொடுங்கள். முன்னாடியே சொல்லாவிட்டால் அது கழிவுத் தொட்டிக்குத்தான் போகும். அன்றைய அவசரத்தில் யாருக்கும் நினைவிருக்காது. நானே எத்தனையோ துண்டுகளைப் போட்டிருக்கிறேன். யாரும் கேட்டதில்லை, எங்களுக்கும் தோன்றியதில்லை. கிருமி நீக்கித் தரச் சொல்லுங்கள், கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

நேர்வழி | சனி, காலை 11:05

எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள். மட்டமான பொருளை வைத்தார்கள், உடைந்தது. அவ்வளவுதான் விஷயம். என் பெரியப்பாவுக்கும் ஆறே வருடத்தில் மூட்டு போனது. நோயாளி மேல் பழி போடுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. உலோகத்தோடு உலோகம் உரசுகிற மூட்டுகளை உலகம் முழுக்க விற்றுவிட்டுப் பிறகு திரும்பப் பெற்றார்களே, அதை மறந்துவிட்டீர்களா? முதலில் பொருளின் மேல் சந்தேகப்படுங்கள்.

பிளவுமுகம் | சனி, மதியம் 1:40

நேர்வழி, பழியை நோயாளி மேல் போடக் கூடாது என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் 'மட்டமான பொருள்' என்று ஒரே பையில் போட்டுவிட்டால் அடுத்தவருக்கு எது நடக்கும் என்று தெரியாமல் போய்விடும். பொருள் கெட்டுப்போன கதைகளே ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறு என்று பாருங்கள்.

2000 டிசம்பரில் சல்சர் நிறுவனம் இன்டர்-ஓப் என்ற கிண்ணங்களைத் திரும்பப் பெற்றது. வடிவமைப்பு சரி, உலோகமும் சரி. தயாரிப்பில் பயன்படுத்திய இயந்திர எண்ணெயின் மிச்சம் கிண்ணத்தின் வெளிப்பரப்பில் தங்கிவிட்டது. எலும்பு அதன்மேல் வளர்ந்து பற்ற வேண்டும், பற்றவில்லை. கழுவுவதில் வந்த குறை.

2001-ல் சிர்கோனியா என்ற செராமிக் (பீங்கான் வகை) பந்துகள். பிரான்சில் செயின்ட்-கோபைன் குழுமத்தின் ஆலை ஒன்றில், 1998-ல் சூளையை மாற்றினார்கள். தொகுதி தொகுதியாகச் சுடும் பழைய சூளைக்குப் பதில், தொடர்ந்து ஓடும் சுரங்கச் சூளை. அதில் சுட்ட சில தொகுதிப் பந்துகள் உடலுக்குள் வைத்த பிறகு வழக்கத்தைவிட மிக அதிகமாக உடைந்தன. அதே மூலப்பொருள், அதே வடிவம்.

2010 ஆகஸ்டில் டிபியூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். என்ற உலோகம்-உலோக மூட்டு. நீங்கள் சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன். உலகம் முழுக்கச் சுமார் 93,000 பேருக்கு வைத்தது. அது வடிவமைப்புக் குறை. கிண்ணம் அரைக்கோளத்தைவிட ஆழம் குறைவு. கொஞ்சம் சாய்வாகப் பொருத்தினாலும் பந்து கிண்ணத்தின் விளிம்பில் ஏறி உரசும். நடுவில் இருக்க வேண்டிய திரவப் படலம் கிழிந்துபோகும். கோபால்ட்டும் குரோமியமும் தூளாகித் திசுவுக்குள் இறங்கும். ஐந்து வருடத்தில் நூற்றுக்கு 12, 13 பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டது என்று திரும்பப் பெறும்போது நிறுவனமே சொன்னது. ஆஸ்திரேலியாவில் அதற்கு முந்தைய டிசம்பரிலேயே சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அங்கே ஒவ்வொரு மூட்டையும் தேசியப் பதிவேட்டில் எழுதுகிறார்கள், எண்ணிக்கை காட்டிக்கொடுத்தது.

2012-ல் ஸ்ட்ரைக்கர் நிறுவனத்தின் ரெஜுவனேட், ஏ.பி.ஜி. 2 தண்டுகள். கழுத்தைத் தனியாகக் கழற்றி மாற்றும்படி செய்திருந்தார்கள். அறுவையின்போது வசதி. ஆனால் ஒவ்வொரு இணைப்பும் ஒரு இடுக்கு. அந்த இடுக்கில் நுண்ணிய ஆட்டமும் உடல் திரவமும் சேர்ந்தால் அரிப்புதான்.

2021-ல் எக்ஸாக்டெக் நிறுவனத்தின் லைனர்கள். லைனரை அடைத்த பையில் ஆக்சிஜனைத் தடுக்கும் ஒரு அடுக்கு இல்லை. அலமாரியில் இருக்கும்போதே பிளாஸ்டிக் மெல்ல மெல்லக் கெட்டது.

கழுவுதல், சூளை, வடிவம், இணைப்பு, பை. ஐந்தும் ஐந்து விதம். நீலவானத்தின் அப்பா விஷயத்தில் இவற்றில் ஒன்று இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். துண்டைப் பார்க்காமல் சொல்வது சரியில்லை. தண்டின் மேல் லேசரால் எழுதும் எழுத்து கூட விரிசலுக்குத் தொடக்கப் புள்ளியானது உண்டு. அதனால்தான் செவிலியர் சொன்னதைத் திரும்பச் சொல்கிறேன், துண்டுகளை விடாதீர்கள்.

ஏழாம்படி | சனி, மாலை 6:20

நேர்வழி சொன்ன அந்த உலோகம்-உலோக மூட்டு என் இடது இடுப்பில் இருந்தது. நிறுவனம் எது என்று இங்கே எழுத விரும்பவில்லை. வைத்த ஐந்தாம் வருடம் தொடை இடுக்கில் ஒரு கட்டி போலத் தட்டுப்பட்டது. வலி பெரிதாக இல்லை. எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது, 'நன்றாகத்தான் இருக்கிறது' என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவதாகப் பார்த்த மருத்துவர்தான் ரத்தத்தில் கோபால்ட் அளவு பார்க்கச் சொன்னார். லிட்டருக்கு 7 மைக்ரோகிராமைத் தாண்டினால் மேலே ஆராய வேண்டும் என்று பிரிட்டனில் வழிகாட்டுதல் உண்டாம். எனக்கு அதைப்போல் பல மடங்கு. உலோகத்தின் நிழலைக் குறைத்து எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் மூட்டைச் சுற்றிப் பெரிய திரவப் பை தெரிந்தது.

மறு அறுவைக்குப் பின் அவர் எனக்குப் பந்தைக் காட்டினார். வெளியே கண்ணாடி மாதிரி பளபளப்பு. கவிழ்த்து உள்ளே பார்த்தால், தண்டின் முனை நுழையும் துளை முழுக்கக் கறுப்பு. விரலால் தொட்டால் மை போல ஒட்டியது. இவ்வளவு நாள் இதுதான் என் ரத்தத்தில் கலந்துகொண்டிருந்தது என்று புரிந்தபோது கை நடுங்கியது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், வலி இல்லை, எக்ஸ்ரே சுத்தம் என்பதாலேயே எல்லாம் சரி என்று ஆகிவிடாது. இந்த வகை மூட்டு வைத்திருப்பவர்கள் வருடா வருடம் பரிசோதனைக்குப் போங்கள்.

மூட்டுவைத்தியன் | ஞாயிறு, காலை 8:15

இடுப்பு, முழங்கால் மூட்டு அறுவை செய்யும் மருத்துவன். இழை நல்ல திசையில் போகிறது. ஆனால் பிளவுமுகம் ஐயாவோடு ஒரு இடத்தில் மாறுபடுகிறேன்.

எடையும் நடையும் கணக்கில் வரவே வராது என்று சொல்ல முடியாது. உடல் எடை கூடினால் ஒவ்வொரு அடியிலும் வளைவு கூடும். உடைந்த தண்டுகளைப் பற்றிய பழைய ஆய்வுகளிலும் எடை அதிகமானவர்கள், சுறுசுறுப்பாக நடமாடுபவர்கள் கூடுதலாகவே தென்படுகிறார்கள். ஆனால் அதே எடை, அதே நடை உள்ள பெரும்பாலானவர்களுக்கு உடைவதில்லை. அதனால் அதை மட்டும் காரணமாகச் சொல்லிவிட்டு அறையை விட்டுப் போவது சரியான மருத்துவம் இல்லை. அந்த மருத்துவர் சார்பில் உங்கள் அப்பாவிடம் நான் வருத்தம் தெரிவிக்கிறேன்.

எங்கள் பங்கையும் சொல்லியாக வேண்டும். எலும்பின் உள்ளளவுக்குச் சிறிய தண்டை வைத்திருந்தால், தண்டு உட்புறம் நேராக நிற்காமல் சாய்ந்திருந்தால், சிமென்ட் ஒரு பக்கம் மெலிதாகப் போயிருந்தால், இவையெல்லாம் பத்து வருடம் கழித்து வந்து நிற்கும். செராமிக் பந்தைப் பொருத்தும்போது தண்டின் முனையில் ஒரு துளி ரத்தமோ கொழுப்போ இருந்துவிட்டால், அந்த இடத்தில் அழுத்தம் குவிந்து பிற்பாடு பந்து உடையலாம். முனையைத் துடைத்து உலர்த்தி, பிளாஸ்டிக் முனையுள்ள கருவியை வைத்துத் தட்ட வேண்டும். உலோகச் சுத்தி பந்தில் நேரடியாகப் படக் கூடாது. இந்த ஒரு நிமிடத்தில் அவசரப்படாதே என்று என் ஆசிரியர் ஒவ்வொரு முறையும் சொல்வார்.

மறு அறுவைக்கு முன் ஒன்றைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். தளர்ந்த மூட்டில் கிருமித்தொற்று இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். மெதுவாக வளரும் தொற்றும் இதே போல எலும்பின் பிடியைக் கெடுக்கும், காய்ச்சல் கூட வராது. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு, மூட்டிலிருந்து ஊசியால் எடுத்த திரவம், அறுவையின்போது எடுக்கும் திசு மாதிரிகள், இவற்றைப் பார்க்காமல் 'வெறும் உலோகக் கோளாறு' என்று முடிவு கட்டக் கூடாது. தொற்று இருந்து, அதைக் கவனிக்காமல் புதுத் தண்டு வைத்தால் அதுவும் தளரும்.

நீலவானம் | ஞாயிறு, இரவு 8:40

எல்லோருக்கும் நன்றி. கோப்பு கிடைத்தது. ஸ்டிக்கர்கள் ஐந்தும் இருக்கின்றன, ஒன்று மட்டும் மங்கிவிட்டது. சிமென்ட் வைத்த தண்டு.

பழைய எக்ஸ்ரே மூன்று கிடைத்தன. அறுவை முடிந்த மறுநாள், இரண்டாம் வருடம், ஏழாம் வருடம். ஏழாம் வருடப் படத்தை ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். தண்டின் மேல்பகுதியில் சிமென்டுக்கும் எலும்புக்கும் நடுவில் பென்சிலால் இழுத்ததுபோல ஒரு கறுப்புக் கோடு. இரண்டாம் வருடப் படத்தில் அந்தக் கோடு இல்லை. அறிக்கையில் கடைசி வரியில் 'மேற்பகுதியில் மெல்லிய இடைவெளி, தொடர்ந்து கவனிக்கவும்' என்று இருக்கிறது. அந்த வரியை யாரும் எங்களுக்குப் படித்துக் காட்டவில்லை. நாங்களும் படிக்கவில்லை. அதற்குப் பிறகு எக்ஸ்ரேயே எடுக்கவில்லை, வலிக்கவில்லையே என்று.

நாலு வருடமாக அந்தத் தாள் பீரோவில் இருந்திருக்கிறது.

அந்தப் பிடி முதலில் ஏன் விட்டது? மருத்துவர் ஐயா விளக்க முடியுமா?

மூட்டுவைத்தியன் | ஞாயிறு, இரவு 10:30

உங்கள் மேல் தவறு இல்லை. அந்த வரியைப் படித்துச் சொல்ல வேண்டியது அறிக்கையை வாங்கிப் பார்த்த மருத்துவரின் வேலை.

பிடி விடுவதற்கு மிகப் பழைய, மிக முக்கியமான காரணம் தேய்மானத் தூள். இதற்கு ஒரு வரலாறு உண்டு. நவீன இடுப்பு மூட்டை உருவாக்கியவர் இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் இருந்த ஜான் சார்ன்லி. முதலில் கிண்ணத்துக்கு டெஃப்லான் பயன்படுத்தினார். நோயாளிகள் வலியில்லாமல் நடந்தார்கள், எல்லோருக்கும் மகிழ்ச்சி. இரண்டு மூன்று வருடத்தில் டெஃப்லான் தேய்ந்து தூளானது, திசு அதை எதிர்த்துக் கட்டிகட்டியாக வீங்கியது. சுமார் 300 பேருக்கு வைத்திருந்தார். பலருக்குத் தானே மறுபடி அறுவை செய்து எடுக்க வேண்டி வந்தது. அந்தத் தூள் உடம்பில் என்ன செய்கிறது என்று பார்க்கத் தன் தொடையிலேயே டெஃப்லானையும் பாலிஎத்திலீனையும் வைத்துப் பார்த்தவர் அவர். 1962-ல் மிக அதிக மூலக்கூறு எடை உள்ள பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்குக்கு மாறினார். இன்றுவரை பெரும்பாலான லைனர்கள் அந்தக் குடும்பம்தான்.

ஆனால் பாலிஎத்திலீனும் தேயும், மெதுவாக. தூள் ஒரு மைக்ரானுக்கும் சின்னது. உடலின் துப்புரவு அணுக்கள் அதை விழுங்கும், செரிக்க முடியாது. செரிக்க முடியாத அணு அபாயச் சைகை அனுப்பும். அந்தச் சைகை எலும்பை அரிக்கும் அணுக்களைத் தூண்டிவிடும். எலும்பு உள்ளிருந்தே கரைந்து பின்வாங்கும். நீங்கள் பார்த்த கறுப்புக் கோட்டின் பின்னால் இது இருக்கலாம். முன்பு இதைச் 'சிமென்ட் நோய்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். சிமென்ட் வைக்காத மூட்டிலும் அதே அரிப்பு வந்த பிறகுதான் குற்றவாளி தூள் என்று புரிந்தது.

பழைய லைனர்கள் வருடத்துக்கு 0.1 மி.மீ. அளவில் தேய்ந்தன. அதற்குக் கீழே இருந்தால் எலும்பு அரிப்பு அரிது. 1990-களின் கடைசியிலிருந்து வரும் குறுக்குப் பிணைப்புப் பாலிஎத்திலீன் (மூலக்கூறு இழைகளை ஒன்றோடொன்று பிணைத்தது) அந்த அளவுக்கு வெகு கீழே தேய்கிறது. மறு அறுவையில் அப்பாவுக்கு அந்த வகை லைனர்தானா என்று கேளுங்கள்.

குயிலோசை | திங்கள், காலை 7:55

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்குச் செராமிக் பந்து, செராமிக் லைனர். குனிந்து நிமிரும்போது கதவு கீல் போலக் கிரீச்சென்று சத்தம். வலி இல்லை. இதையெல்லாம் படித்துவிட்டு நேற்று இரவு தூங்கவே இல்லை. உடையப் போகிறதா?

மூட்டுவைத்தியன் | திங்கள், மதியம் 2:10

பயப்பட வேண்டாம், ஆனால் போய்க் காட்டுங்கள். செராமிக் மூட்டு சிலருக்குச் சத்தம் போடும். கிண்ணத்தின் கோணம், விளிம்பு உரசல், திரவம் குறைவது எனக் காரணங்கள் பல. சத்தம் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு உடைவதில்லை. சத்தம் திடீரென்று மாறினால், நறநறவென்று மணல் அரைப்பது போல இருந்தால், கூடவே வலி வந்தால், அன்றைக்கே எக்ஸ்ரே எடுங்கள்.

செராமிக் உடைந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மறு அறுவையில் சாதாரண உலோகப் பந்து வைக்கக் கூடாது. எவ்வளவு கழுவினாலும் கண்ணுக்குத் தெரியாத செராமிக் துகள் உள்ளே மிஞ்சும். அது உலோகப் பந்தை உப்புத்தாள் போலத் தேய்த்து, ரத்தத்தில் கோபால்ட் ஏறி, காது கேட்காமல், பார்வை மங்கி, இதயம் பலவீனமாகிப் போனவர்கள் உண்டு. மறுபடி செராமிக் பந்துதான் சரி. பழைய தண்டை வைத்துக்கொண்டால் அதன் முனையில் டைட்டானிய உறை போட்டு அதன்மேல் பொருத்துவார்கள்.

இரவில் தூங்காதவர்களுக்கு ஒரு கணக்கும் சொல்கிறேன். செயற்கை இடுப்பு மூட்டு எத்தனை வருடம் தாங்கும் என்று பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2019-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 15 வருடம் தாண்டியவை நூற்றுக்கு 89, 20 வருடம் தாண்டியவை 70, 25 வருடம் தாண்டியவை 58. இவ்வளவும் பழைய தலைமுறை மூட்டுகள்.

நீலவானம் | பதினாறு நாள் கழித்து, மாலை 5:25

அறுவை முடிந்தது. அப்பா வாக்கர் பிடித்து வராந்தாவில் இரண்டு முறை போய் வந்தார். தொற்று இல்லை என்று திசுப் பரிசோதனைகள் எல்லாம் வந்துவிட்டன.

அறுவை செய்த மருத்துவர் வேறொருவர். நான் எழுதிக் கொடுத்த கடிதத்தைப் படித்துவிட்டு ஒன்றும் மறுக்கவில்லை. வெளியே வந்ததும் அவரே சொன்னார்: மேல் துண்டு கையால் இழுத்ததும் வந்துவிட்டது, கீழ்த்துண்டுதான் அசையவே இல்லை, தொடை எலும்பில் ஜன்னல் போல வெட்டித் திறந்து அதை எடுக்கவே வெகு நேரமாயிற்று என்று. பிளவுமுகம் ஐயா படமே பார்க்காமல் சொன்னது இதைத்தானே! புதுத் தண்டு நீளமானது, வெட்டிய இடத்தைத் தாண்டிக் கீழே நல்ல எலும்பில் போய்ப் பிடிக்கிறது என்று விளக்கினார்.

துண்டுகளைத் தந்தார்கள். கீழ்த்துண்டின் உடைந்த முகத்தைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

பிளவுமுகம் | அதே நாள், இரவு 9:00

படம் தெளிவாக இருக்கிறது, நன்றி. பெரிதாக்கிப் பாருங்கள். வெளிப்பக்க விளிம்பில், முன்புறமாக, ஒரு சின்னப் புள்ளி. அங்கிருந்து சிப்பியின் முதுகில் இருப்பதுபோல வளைவளைவாகக் கோடுகள் விரிகின்றன. ஒவ்வொரு கோடும் விரிசல் கொஞ்சம் நின்று, மறுபடி நகர்ந்ததன் தடம். அந்தப் பகுதி உரசி உரசி வழவழப்பாக இருக்கிறது. முகத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு அதுதான். எதிர்ப்பக்கத்தில் பிறை வடிவில் கொஞ்சம் மட்டும் சாம்பல் நிறத்தில், சொரசொரப்பாக, புதிதாகக் கிழிந்ததுபோல இருக்கிறது. செவ்வாய்க்கிழமை உடைந்தது அந்தப் பிறை மட்டும்.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தபோது அவரைத் தாங்கியது முழுத் தண்டு இல்லை, அந்தக் கால் பங்குதான். அவர் நடந்ததால் பிடி விடவில்லை. பிடி விட்ட பிறகும் அது அவரை நாலு வருடம் நடக்க விட்டிருக்கிறது. தொடக்கப் புள்ளியில் உலோகக் குறை ஏதும் இருந்ததா என்று மின்னணு நுண்நோக்கியில்தான் தெரியும். லாட் எண்ணோடு ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புங்கள்.

நீலவானம் | அதே நாள், இரவு 9:35

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கோடுகளை ரொம்ப நேரம் பார்த்தார். இப்போது இரண்டு துண்டையும் கையில் வைத்துச் சேர்த்துச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பிளவுமுகம் | அதே நாள், இரவு 9:37

ஐயோ, சேர்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள்! உடைந்த முகங்கள் ஒன்றோடொன்று உரசினால் அந்தக் கோடுகள் அழிந்துவிடும். தனித்தனியாக, பஞ்சில் சுற்றி, ஈரம் படாமல்.

நீலவானம் | அதே நாள், இரவு 9:50

வாங்கிவிட்டேன். தனித்தனிப் பையில் போட்டு, இரண்டின் மேலும் தேதியும் லாட் எண்ணும் எழுதியாயிற்று. எழுதியது அப்பாதான்.